குளிர்கால மனச்சோர்வுக்கு ஒளிச்சிகிச்சை விளக்கு: குமரி மாவட்டத்திலிருந்து குளிர்நாடுகளுக்குச் செல்வோர் தேர்ந்தெடுக்கும் முறை

கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கே உள்ள வேறுபாடு ஒரு மணி நேர அளவே. மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் பகல் வெளிச்சம் நமக்கு உண்டு. லண்டனில் டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகே எழுகிறது. பிற்பகல் நான்கு மணிக்குள் மறைந்துவிடுகிறது. எடின்பரோவில் அப்போது பகல் ஏழு மணி நேரமே. மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, நாகர்கோவில் பகுதிகளிலிருந்து செவிலியராகவும் முதியோர் இல்லப் பணியாளராகவும் மாணவராகவும் அந்த நாடுகளுக்குச் செல்கிறவர்கள், நவம்பரில் இருட்டோடு டியூட்டிக்குப் போய், பன்னிரண்டு மணி நேரம் வார்டுக்குள் இருந்துவிட்டு, இருட்டோடு வீடு திரும்புகிறார்கள். இங்கே பிற்பகல் ஒன்றரை மணிக்கு வீடியோவில் அழைக்கும் அம்மா, "மக்ளே, அங்க இன்னும் விடியலியா?" என்று கேட்கும்போது அங்கே மணி காலை எட்டு, சன்னலுக்கு வெளியே அப்போதுதான் சாம்பல் நிறம் தெரியத் தொடங்கியிருக்கும்.

இந்தச் சூழலில் ஒளிச்சிகிச்சை விளக்கு, அதாவது அங்கே எல்லாரும் சாட் லேம்ப் (பருவ மனச்சோர்வின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் சாட்) என்று சொல்கிற விளக்கு, பலருக்குப் பயன்படக்கூடியதுதான். ஆனால் அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும், வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் 10,000 லக்ஸ் என்ற எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது அந்த எண் எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்பதைத்தான். அது பெரும்பாலும் கையேட்டின் உள்ளே, சிறிய எழுத்தில் இருக்கும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தச் சிறிய எழுத்தைப் பற்றியது.

முதலில், யாருக்கு வேண்டும்

பருவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வை நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஆராய்ந்து 1984-இல் விவரித்தார்கள். அதன் குளிர்கால வகைக்குத் தனி அடையாளங்கள் உண்டு. வழக்கமான மனச்சோர்வில் தூக்கமும் பசியும் குறைவது அதிகம். இதிலோ தூக்கம் கூடும், எவ்வளவு தூங்கினாலும் போதாது என்று தோன்றும், சோறு, ரொட்டி, இனிப்பு போன்ற மாவுப்பொருள்களின் மேல் நாட்டம் மிகும், எடை ஏறும், யாரையும் பார்க்கப் பிடிக்காது. இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் தானாக நீங்குவதும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பருவத்தில் திரும்புவதும்தான் முக்கியமான குறி.

ஆகவே முதல் குளிர்காலத்திலேயே தனக்கு இது வந்துவிட்டது என்று ஒருவர் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் ஆண்டில் வீட்டு நினைவு, புதிய வேலையின் நெருக்கடி, ஏஜென்சிக்குக் கட்டிய கடன், ஊரே நட்சத்திர விளக்குகளால் நிறைந்திருக்கும் கிறிஸ்துமஸ் நாளில் தனியே டியூட்டி பார்ப்பது என்று மனம் சோர்வதற்குக் காரணங்கள் நிறைய இருக்கும். அவற்றை எந்த விளக்கும் தீர்க்காது. இரத்தசோகையும் தைராய்டு சுரப்புக் குறைவும் இதே களைப்பையும் தூக்கத்தையும் தரக்கூடியவை. ஓர் இரத்தப் பரிசோதனையில் இரண்டும் தெரிந்துவிடும். விடுமுறையில் ஊருக்கு வரும்போது இங்கேயே அதைச் செய்துகொள்வது நல்லது. அங்கே பொது மருத்துவரின் நேரம் கிடைக்கச் சில வேளைகளில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆனி, ஆடி மாதச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் மனம் வாடுகிறது, எனக்கும் ஒரு விளக்கு வேண்டுமா என்று குமரி மாவட்டத்திலேயே இருப்பவர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே என் பதில். மேகம் மூடிய பகலிலும் திறந்த வெளியில் பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும்; வீட்டுக்குள் குழல்விளக்கின் கீழே அது சில நூறுகளைத் தாண்டுவது அரிது. மழை விட்ட நேரத்தில் அரைமணி நேரம் வெளியே நடப்பதும், திண்ணையில் உட்கார்ந்து காலைச் சாயா குடிப்பதும் காசு கொடுத்து வாங்கும் விளக்கைவிட மேல். மழைக்காலம் முடிந்த பிறகும் மனச்சோர்வு நீங்கவில்லை என்றால் அது வேறு வகைச் சோர்வு. அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

யார் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது

இருமுனை மனநோய் இருப்பவர்களுக்கும், குடும்பத்தில் அந்த நோய் உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கை முதலாவதாகப் பொருந்தும். வலுவான காலை ஒளி சோர்வை நீக்குவதோடு நில்லாமல், தூக்கமே இல்லாத மிகையெழுச்சி நிலைக்குத் தள்ளிவிடலாம். விளக்கைப் பயன்படுத்தத் தொடங்கிய நாட்களில் வழக்கத்துக்கு மாறாகப் பேச்சு வேகமெடுப்பது, தூக்கம் குறைந்தும் களைப்பு தெரியாமல் இருப்பது, தாறுமாறாகச் செலவழிப்பது ஆகியவற்றைக் கண்டால் உடனே நிறுத்த வேண்டும். தனியே இருப்பவர் இதைத் தானாக உணர்வது கடினம். அறையில் உடன் தங்கியிருப்பவரிடமோ, நாள்தோறும் அழைக்கும் வீட்டாரிடமோ முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

அடுத்து, கண். விழித்திரை நோய், விழிப்புள்ளிச் சிதைவு, கண்ணழுத்த நோய் உள்ளவர்களும், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் கண் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. சர்க்கரை நோய் நம் குடும்பங்களில் இளவயதிலேயே வருவதால், முப்பதுகளில் இருப்பவர்களும் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத எச்சரிக்கையாக எண்ணிவிட வேண்டாம். ஒளிக்கு உடலைக் கூருணர்வு கொள்ளச் செய்யும் மருந்துகள் மூன்றாவது. நுண்ணுயிர்க்கொல்லியான டாக்சிசைக்ளின், இதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், மூலிகை மருந்தாக அங்கே கடையில் தாராளமாகக் கிடைக்கும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் லூப்பஸ் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சாணும் முழமும்

லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் வந்து விழும் ஒளியின் அளவு. விளக்குக்குள் இருக்கும் ஒளியின் அளவு அன்று. ஆகவே "இந்த விளக்கு 10,000 லக்ஸ்" என்று மட்டும் சொன்னால் அந்த வாக்கியம் பாதிதான் முடிந்திருக்கிறது. எத்தனை சென்டிமீட்டரில் என்பது மற்றொரு பாதி. ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்ட அளவு, கண்ணில் 10,000 லக்ஸ் விழும்படி காலையில் அரைமணி நேரம் உட்காருவது. 2006-இல் வெளியான கனடிய ஆய்வொன்றில் இந்த அளவு ஒளி, மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்செட்டின் மாத்திரைக்கு நிகரான பலனைத் தந்தது. 96 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் இரு பிரிவிலும் 67 விழுக்காட்டினர் எட்டு வாரங்களில் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள்.

வெளிச்சம் பாதியாகக் குறைந்தால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 5,000 லக்ஸ் என்றால் ஒரு மணி நேரம், 2,500 என்றால் இரண்டு மணி நேரம் என்பது நடைமுறைக் கணக்கு. ஏழரை மணி ஷிஃப்டுக்கு ஆறே முக்காலுக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவருக்கு அரைமணி நேரமே பெரிய காரியம். இரண்டு மணி நேரம் எந்தக் காலத்திலும் நடக்காது. விளக்கு வாங்கி இரண்டே வாரத்தில் அலமாரிக்குள் போய்விடுவதற்கு இதுதான் பொதுவான காரணம் என்று நினைக்கிறேன்.

தூரம் கூடக் கூட வெளிச்சம் குறையும் வேகத்தைப் பலர் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். சிறிய விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். புத்தக அளவில் விற்கும் சிறிய எல்.இ.டி. பலகைகளில் பல, 10,000 லக்ஸ் தருவது 15 சென்டிமீட்டரில், அதாவது ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில். அவற்றை 30 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் ஏறத்தாழ 2,500. 60 சென்டிமீட்டரில் சுமார் 600. முகத்துக்கு ஒரு சாண் முன்னால் விளக்கை வைத்துக்கொண்டு யாரும் புட்டும் கடலையும் சாப்பிட முடியாது. தட்டு வைக்க இடம் வேண்டும், கை நீட்ட இடம் வேண்டும், கைபேசியில் அம்மாவின் முகம் தெரிய வேண்டும். மேசையில் இயல்பாக உட்கார்ந்தால் விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு முழமாவது, அதாவது 40 முதல் 50 சென்டிமீட்டர் வரை, வந்தே தீரும்.

எனவே நான் சொல்லும் முதல் விதி, 10,000 லக்ஸை ஒரு முழ தூரத்தில் தரும் விளக்கை மட்டுமே பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. தூரத்தைக் குறிப்பிடாமல் லக்ஸை மட்டும் சொல்லும் விளம்பரத்தை அத்தோடு விட்டுவிடலாம். "10,000 லக்ஸ் வரை" என்று எழுதியிருந்தால் அந்த "வரை" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். விளக்கில் மூக்கு முட்டும் தூரத்தில் அளந்த எண்ணையும் அப்படி எழுதலாம்.

பெரிய பரப்புள்ள விளக்கு இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது. ஒளி வரும் பரப்பு அகலமாக இருந்தால், அருகில் இருக்கும்வரை தூரத்தால் ஏற்படும் இழப்பு அவ்வளவு வேகமாக இராது. தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் ஒளிக்கு வெளியே போய்விட மாட்டோம். ஏறத்தாழ 30-க்கு 40 சென்டிமீட்டர் பரப்பு நல்ல அளவு. பார்க்க அசிங்கமாக, பழைய கணினித் திரை போல இருக்கும்; மேசையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இது சங்கடம்தான். ஆனாலும் அழகான சிறிய விளக்கு, அழகற்ற பெரிய விளக்கு என்று இரண்டே வழி இருந்தால் இரண்டாவதையே சொல்வேன். அகன்ற பரப்பில் அதே ஒளி பரவி வருவதால் கண் கூச்சமும் அதில் குறைவு.

ஒளியின் நிறம், மினுக்கம், புற ஊதா

வெள்ளை ஒளி போதும். கண்ணின் விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட சில செல்கள் இருக்கின்றன. பார்வைக்குப் பயன்படுவதைவிட உடலின் நாட்கடிகாரத்துக்குப் பகல் வந்துவிட்டது என்று சொல்வதே அவற்றின் முதன்மையான வேலை. நீல ஒளிக்கு அவை கூடுதலாக இணங்குவதால் நீல விளக்குகளையும் சிலர் விற்கிறார்கள். அவை கண்ணைக் கூசச் செய்வது அதிகம், விழித்திரைக்கு உள்ள ஆபத்தும் ஒப்பீட்டளவில் கூடுதல். நீண்ட கால அனுபவம் இருப்பதோ வெள்ளை ஒளியில்தான். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் 4,000 முதல் 6,500 வரை எந்த வெள்ளையானாலும் சரி. எண் கூடியதால் சிகிச்சை கூடிவிடாது.

புற ஊதாக் கதிர் வெளிவரக் கூடாது என்பது கட்டாயம். எல்.இ.டி. விளக்குகளில் அது இயல்பாகவே மிகக் குறைவு. குழல்விளக்கு வகையில் வடிகட்டும் உறை வேண்டும். இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. புற ஊதாக் கதிர் இல்லாத விளக்கால் தோலில் வைட்டமின் டி உற்பத்தியாகாது. "விளக்கு வாங்கிவிட்டேன், இனி மாத்திரை வேண்டாம்" என்று எண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் இலையுதிர், குளிர் காலங்களில் எல்லாரும் நாள்தோறும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதைப் பரிசீலிக்குமாறு அரசே அறிவுறுத்துகிறது. நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு ஆண்டு முழுவதும் அது பொருந்தும். விளக்கின் வேலை வேறு, மாத்திரையின் வேலை வேறு.

மலிவான எல்.இ.டி. விளக்குகளில் கண்ணுக்குத் தெரியாத மினுக்கம் இருக்கலாம். தலைவலிக்கு அது ஒரு காரணம். கைபேசியின் கேமராவை விளக்கின் முன் பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். அவை அடர்த்தியாகத் தெரிந்தால் அந்த விளக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

வேறு எதையோ வாங்கிவிடாதிருக்க

இங்கே இணையக் கடைகளில் "லைட் தெரபி லேம்ப்" என்று தேடினால் முதலில் வருவன பெரும்பாலும் முதுகுவலிக்கான அகச்சிவப்பு விளக்குகளும் முகப்பொலிவுக்கான எல்.இ.டி. முகமூடிகளும்தான். சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்கான புற ஊதா விளக்குகளும் செடி வளர்க்கும் ஊதா விளக்குகளும் இடையிடையே வரும். இவை ஒன்றுமே இந்த வேலைக்கு உதவா. புற ஊதா விளக்கு கண்ணுக்குக் கேடு. விடியலைப் போல மெல்ல ஒளியைக் கூட்டி எழுப்பும் கடிகார விளக்கு வேறு வகை. இருட்டு அறையில் எழுந்திருக்கத் திணறுபவர்களுக்கு அது உதவும். ஆனால் அதன் ஒளி சில நூறு லக்ஸ்தான் என்பதால், அதைப் பெரிய விளக்குக்கு மாற்றாக எண்ணாமல் துணையாக மட்டும் கொள்ளலாம்.

பொருள் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் குறியாகப் பெட்டியின் மேல் ஐரோப்பாவில் சி.இ. குறியும், பிரிட்டனில் யு.கே.சி.ஏ. குறியோ சி.இ. குறியோ இருக்கும். சாதாரண மேசை விளக்குக்கும் சி.இ. குறி உண்டு என்பதால் அது மட்டும் போதாது. மருத்துவச் சாதனம் என்று பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதைக் கையேட்டில் தேட வேண்டும். ஐ.இ.சி. 62471 என்ற தரநிலையின்படி ஒளியின் பாதுகாப்பைச் சோதித்திருக்கிறோம் என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. விளக்கொளியால் கண்ணுக்கும் தோலுக்கும் வரக்கூடிய ஆபத்தை வகைப்படுத்தும் தரநிலை அது.

எங்கே வாங்குவது

இங்கிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்துத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய விளக்கு பலாப்பழ வற்றலுக்கும் மீன் ஊறுகாய்க்கும் உள்ள இடத்தைத் தின்றுவிடும் என்பது ஒரு புறம். வழியில் உடைந்தால் யாரிடம் கேட்பது என்பது மறுபுறம். நம் நாட்டின் 230 வோல்ட் சாதனம் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் செருகியை மட்டும் மாற்றினால் வேலை செய்யும். கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்னழுத்தம் 120 வோல்ட் என்பதால், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று எழுதியிராத விளக்கு அங்கே பயன்படாது.

இதைவிட முக்கியமான காரணம், அங்கே வாங்கினால் திருப்பித் தர முடியும் என்பது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இணையத்தில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அறிவிக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. சில விற்பனையாளர்கள் அதைவிடக் கூடுதலான நாட்களும் தருகிறார்கள். அந்த நாட்களுக்குள் விளக்கைச் சோதித்துவிட வேண்டும். விலை சிறிய பலகைகளுக்குச் சுமார் முப்பது பவுண்டில் தொடங்கி, பெரியவற்றுக்கு நூறைத் தாண்டிப் போகும். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் இந்த விளக்கு வழக்கமாகக் கிடைப்பதில்லை; சொந்தச் செலவுதான். ஜனவரி முடிந்ததும் விலை இறங்குவதையும், ஊர் திரும்புகிறவர்கள் பழைய விளக்கை விற்றுவிட்டுப் போவதையும் பொறுமையுள்ளவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். பழையதில் குழல்விளக்கு வகையை மட்டும் தவிர்க்க வேண்டும். குழல்கள் காலப்போக்கில் ஒளி குன்றும், மாற்றுக் குழலும் எளிதில் கிடைக்காது.

சொந்த மேசையில் ஒரு சோதனை

விளக்கு வந்த அன்றே, காலை உணவுக்கு எந்த நாற்காலியில் உட்காருகிறோமோ அதே நாற்காலியில் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டும். கைபேசியில் ஒளியை அளக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான கைபேசிகளில் ஒளி உணரி திரையின் மேல்விளிம்பில், முன்கேமராவுக்கு அருகில் இருக்கும். எனவே திரை விளக்கைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். கைபேசி காட்டும் எண் துல்லியமானதன்று, ஒரு கைபேசிக்கும் இன்னொன்றுக்கும் பெரிதும் வேறுபடும். ஆனால் ஒரே கைபேசியில் இரண்டு அளவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது தாராளமாகப் போதும்.

கையேட்டில் 20 சென்டிமீட்டரில் 10,000 லக்ஸ் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதே 20 சென்டிமீட்டரில் கைபேசியைப் பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது 8,000 என்று காட்டினாலும் 13,000 என்று காட்டினாலும் கவலையில்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்து, தட்டையும் தம்ளரையும் முன்னே வைத்துக்கொண்டு, கைபேசியைக் கன்னத்தின் அருகே கண் மட்டத்தில் பிடித்து மறுபடி பார்க்க வேண்டும். முதல் எண் 8,000 ஆக இருந்து இப்போது 2,000 காட்டினால், உட்காரும் இடத்துக்கு வந்து சேருவது நான்கில் ஒரு பங்கு. அதாவது கையேட்டை நம்பினால்கூட 2,500 லக்ஸ்தான். அந்த விளக்கோடு இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, முடியாது என்றால் 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பிவிடலாம். மாறாக 7,000 காட்டினால் அரைமணி நேரத்தோடு கூட ஒரு பத்து நிமிடம் சேர்த்துக்கொண்டால் போதும்.

இதே சோதனையில் கோணத்தையும் பார்த்துவிடலாம். விளக்கு நேர் எதிரே, கண் மட்டத்தில் இருந்தால் கூசும். கண்ணுக்குச் சற்று மேலே, இடமாகவோ வலமாகவோ ஒதுங்கி, கீழ்நோக்கிச் சாய்ந்து இருப்பது நல்லது. வானத்து வெளிச்சமும் மேலிருந்துதானே வருகிறது. நிலைக்கால் உயரம் போதாவிட்டால் கீழே இரண்டு தடித்த புத்தகங்களை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். உயரமும் சாய்வும் மாற்றத்தக்க நிலைக்கால் உள்ள விளக்கு இந்த இடத்தில்தான் தன் கூடுதல் விலைக்கு நியாயம் செய்கிறது.

பயன்படுத்தும்போது

எழுந்தவுடன், இயன்றால் ஒரு மணி நேரத்துக்குள், நாள்தோறும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. கண் திறந்திருந்து, முகம் விளக்கின் பக்கம் இருந்தால் போதும். சாப்பிடலாம், வாசிக்கலாம், வீட்டாரோடு பேசலாம். பார்வைக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். முதல் சில நாட்களில் லேசான தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் வரலாம். நேரத்தைப் பாதியாகக் குறைத்துப் பிறகு மெல்லக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாலையில் பயன்படுத்தினால் இரவுத் தூக்கம் கெடும்.

இரவு டியூட்டிதான் உண்மையான சிக்கல். இதைப் பற்றிப் பல கையேடுகள் ஒரு வரிகூட எழுதுவதில்லை. இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வீடு வந்து தூங்கப் போகிறவர், காலையில் பயன்படுத்துங்கள் என்ற அறிவுரையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் தூக்கம் தொலைந்துபோகும். காலை என்று கையேடு சொல்வது அவரவர் தூங்கி எழும் நேரத்தை. கடிகாரத்தின் காலையை அன்று. தொடர்ந்து இரவுப் பணியிலேயே இருப்பவர் பிற்பகலில் எழுந்தவுடன் விளக்கின் முன் உட்காரலாம். இரண்டு இரவு, மூன்று பகல் என்று மாறி மாறி வருகிறவர்கள் இரவுப் பணி நாட்களில் விளக்கை விட்டுவிட்டு, பகல் வழக்கத்துக்குத் திரும்பிய காலையிலிருந்து தொடர்வதே குழப்பமில்லாத வழி. பணியிடத்தில் ஊழியர் நலப்பிரிவு இருந்தால், கால அட்டவணையைக் காட்டி அவர்களைக் கேட்கலாம்; குளிர்காலத்தில் இரவுப் பணியைக் குறைத்துத் தருமாறு பரிந்துரை எழுதவும் அவர்களால் முடியும்.

சில நாட்களில் தொடங்கி இரண்டு வாரங்களுக்குள் மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலில் தூரத்தைச் சரிபாருங்கள். நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்திருக்கும். அடுத்து நேரத்தை முக்கால் மணியாகக் கூட்டிப் பார்க்கலாம். அதன் பிறகும் பலனில்லை என்றால் மற்றொரு விளக்கு வாங்குவதில் பொருளில்லை. மருத்துவரிடம் போக வேண்டும். அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் 177 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டு குளிர்காலங்களுக்குப் பிறகு பார்த்தபோது, ஒளிச்சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 46 விழுக்காட்டினருக்குச் சோர்வு திரும்பியிருந்தது. சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 27 விழுக்காட்டினருக்கே திரும்பியிருந்தது. விளக்கு அந்தந்தக் குளிர்காலத்துக்கான மருந்து, ஆண்டுதோறும் எடுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள்.

உயிரோடு இருப்பதில் பொருளில்லை என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கும் கேள்விக்கே இடமில்லை. பிரிட்டனில் 111 என்ற எண்ணை அழைத்து மனநல உதவிக்கான தெரிவை அழுத்தலாம், சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123-இல் இரவும் பகலும் அழைக்கலாம், உடனடி ஆபத்துக்கு 999. ஊரில் இருப்பவர்களுக்கு அரசின் டெலிமானஸ் சேவை 14416-இல் தமிழிலும் கிடைக்கிறது. பிள்ளையின் குரல் மாறியிருப்பதைத் தொலைபேசியில் உணர்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோரும் அந்த எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

பலன் கிடைத்தவர்கள், சற்றுத் தேறியதும் நிறுத்திவிடாமல் வசந்தம் வரை தொடர வேண்டும். இடையில் விட்டால் சில நாட்களில் சோர்வு திரும்பிவிடும். ஏப்ரலில் காலை வெளிச்சம் சன்னல் வழியே வரத் தொடங்கியதும் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். சோர்வு தொடங்கிய தேதியை அந்த ஆண்டே எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே விளக்கை மேசையில் எடுத்து வைத்துவிடலாம். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பலருக்கு அது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ அமையும்.